டென்ஷன் ஆகாத வீடு

பட்டைக்குள் கை நுழையவில்லை. நேற்றும் நுழையவில்லை. நேற்று குழந்தைவேலு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தளர்த்தி ஒட்டிக்கொண்டார்; எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பிரஷர் மிஷினின் அந்த நீலப் பட்டையை அவர் முழுசாகப் பிரிப்பதே இல்லை. தன் கைக்குச் சரியாக இழுத்து ஒட்டி, பார்த்து முடித்ததும் வளையல் கழற்றுகிற மாதிரி அப்படியே உருவி வைத்துவிடுவார். மறுநாள் அதே வளையத்துக்குள் கையை விட்டால் அதே இடத்தில் போய் உட்கார வேண்டும். ஒரு செட்டிங் செய்துவிட்டால் அதில் கை வைக்கக் கூடாது. கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவை இத்தனை வருஷமாகக் கட்டி மேய்ப்பவரின் பழக்கம் வீட்டிலும் தொடர்கிறது, அவ்வளவுதான். அப்படி வைத்த வளையம் இன்றைக்கு முழங்கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வளையம் தானாகச் சுருங்காது. அப்படியானால் கை பெருத்திருக்க வேண்டும். கை எதற்குப் பெருக்கும்? பிரித்துப் பெரிதாக ஒட்டிக்கொள்ளலாம் என்று விரல் போனது. வேண்டாம், இருக்கட்டும், முதலில் உட்கார வேண்டிய நேரம் உட்காருவோம் என்று பட்டையை உருவி மடியில் வைத்துக்கொண்டார். பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, வாயைத் திறக்காமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவது ஒரு வேலையா என்றுதான் அவரும் ஆரம்பத்தில் நினைத்தார். இப்போது தெரிகிறது, உலகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான். மூச்சை மெதுவாக உள்ளே இழு. நிறுத்து. மெதுவாக வெளியே விடு. உள்ளே இழுக்கும்போது சமையல்கட்டிலிருந்து தேங்காய் துருவுகிற சத்தம் வருகிறது. வெளியே விடும்போதும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை, தேங்காய், சரி. ஆனால் அந்தச் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தமும் இருக்கிறது. மனைவி சாந்தாமணி போனில் பேசுகிறாள். குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். இந்த வீட்டில் இப்போதெல்லாம் எல்லோருக்கும் குரல் தாழ்ந்துதான் இருக்கிறது.

போன ஆவணியில் டெஸ்ட் பெஞ்சு முன்னால் நின்றுகொண்டிருந்தவருக்கு கேஜின் முள் இரண்டாகத் தெரிந்தது, அப்புறம் தரை மேலே வந்தது. கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. ரத்தக் கொதிப்பு தாறுமாறாக ஏறியிருந்ததாம். டாக்டர் அவரிடம் பேசவே இல்லை, தலைமாட்டில் நின்ற சாந்தாமணியிடம்தான் பேசினார். "மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும். மீதி உங்க கையில இருக்கு. வீட்டை அமைதியா வெச்சுக்கோங்க. எதையும் இவர் காதுல போடாதீங்க. டென்ஷன்தான் இவருக்கு எமன்." அன்றைக்கு அவள் தலையை ஆட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். கோயிலில் வேண்டுதல் வைக்கிறவள்கூட அப்படி ஆட்டமாட்டாள். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே வீடு மாறிப்போனது. காலிங் பெல்லைக் கழற்றிவிட்டுக் குயில் கூவுகிற மாதிரி ஒன்றை மாட்டினாள். யாராவது வந்தால் இப்போது ஹாலில் ஒரு குயில் தொண்டை கட்டிக் கூவுகிறது. அவர் வாக்கிங் போகிற நேரத்தில்தான் மிக்சி ஓடும், ஆகையால் சட்னி எப்போதும் ஆறித்தான் இருக்கும். டிவியில் செய்தி வந்தால் ரிமோட் காணாமல் போகும். பேப்பரில் நடுப்பக்கம் இருக்காது, கேட்டால் கேஸ் அடுப்புக்குக் கீழே விரித்துவிட்டேன் என்பாள். எதிர்வீட்டு அம்மாள் அவரைப் பார்த்தால் நோய் கண்ட கன்றுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி சிரிக்கிறாள். கம்பெனியிலும் அப்படித்தான். ஒரு லாட் பம்ப் முழுக்கத் திரும்பி வந்திருக்கிறது, அவரிடம் ஒருவனும் மூச்சு விடவில்லை. "நீங்க உக்காருங்க சார், நாங்க பாத்துக்கறோம்." எதைப் பார்த்துக்கொள்கிறார்கள்? இவர்களெல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டு எதைப் பார்த்துக்கொள்கிறார்கள்? மூச்சை இழு. நிறுத்து. விடு. மனசை அமைதியாக வைத்தால் ஆயுசு கூடும் என்கிறார்கள். சுற்றி எல்லோரும் அமைதியாக இருக்கும்போது ஒரு மனுஷனுக்கு அமைதி எங்கிருந்து வரும்? சத்தமாக இருந்த காலத்தில் எல்லாம் காதுக்கு வந்துவிடும், பயப்பட ஒன்றுமிருக்காது. மோட்டார் சத்தம் போட்டால் பேரிங் போச்சு என்று தெரியும். சத்தமே போடாத மோட்டாரை என்னவென்று பார்ப்பது?

திருமூர்த்தி செத்துப்போனது அவருக்குச் சுவரொட்டி பார்த்துத்தான் தெரிந்தது. மோல்டிங் பிரிவுத் திருமூர்த்தி, கல்யாணத்துக்கு முன்னால் ஒரே அறையில் ஒரே ஸ்டவ்வில் சோறாக்கித் தின்ற சிநேகிதன். பஸ் ஸ்டாப்புச் சுவரில் கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, பழைய போட்டோவில் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தான். மழையில் பெயர் பாதி உரிந்து, மேலே யாரோ டியூஷன் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். அந்த அளவுக்குப் பழைய சாவு. கருமாதியெல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டபோது சாந்தாமணி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "தெரிஞ்சா நீங்க தாங்கமாட்டீங்கன்னுதானுங்க" என்றாள். அப்புறம்தான் அவருக்கு ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வேலையிலிருந்து வந்தபோது அவள் தலை ஈரமாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. என்ன இந்நேரத்தில் தலைக்கு ஊற்றியிருக்கிறாய் என்றதற்கு, வேர்த்துக் கொட்டியது என்றாள். தனியாகச் சாவுக்குப் போய், அழுதுவிட்டு, எதிர்வீட்டுக் குளியலறையில் தலைமுழுகி, இவர் வருவதற்குள் வந்து, இட்லி ஊற்றி, இன்னொன்று வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அப்படிப்பட்ட கைகாரி. அவரோ அன்றைக்கு நன்றாக ஐந்து இட்லி சாப்பிட்டார். அந்த இட்லி இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஒரு சாவையே இலை மறைவில் வைக்கத் தெரிந்தவளுக்கு இன்னும் என்னென்ன வைக்கத் தெரியாது? வீட்டில் எங்கே கை வைத்தாலும் பின்னால் ஏதோ ஒளித்திருப்பது போலவே இருக்கிறது. பீரோவைத் திறந்தால் சந்தேகம். குழம்பில் கரண்டியை விட்டால் சந்தேகம். போன வாரம் கிருத்திகா போன் செய்தபோது இப்படித்தான் தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதாவது தகராறோ என்றுதான் அவர் ஹாலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "அப்பா காதுக்குப் போகக் கூடாது கண்ணு" என்று முதலில் கேட்டது. அப்புறம் குக்கர் விசில். அப்புறம், "டெஸ்டெல்லாம் இனி எதுக்கு. இருக்கற வரைக்கும் இப்படியே ஓட்டலாம் விடு." இருக்கிற வரைக்கும். யார் இருக்கிற வரைக்கும்? அன்றிரவு அவர் வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போலப் படுத்து, விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி டெஸ்ட் எதற்கு என்று எப்போது சொல்வார்கள் என்பது டெஸ்டிங்காரருக்குத் தெரியாதா? பம்ப் தேறாது என்று எழுதிய பிறகுதான் அப்படிச் சொல்வார்கள்.

அப்படியானால் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். கிட்னியாக இருக்கலாம். கிட்னி கெட்டால் கை கால் வீங்கும் என்று கம்பெனி கேன்டீனில் ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார். குனிந்து வேட்டியை விலக்கி, டாக்டர் செய்ததுபோலக் கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே எலும்பில் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்ததா இல்லையா? விழுந்த மாதிரியும் இருந்தது, விழாத மாதிரியும் இருந்தது. விரல் நீண்ட நேரம் அழுத்தினால் யார் காலிலும்தான் குழி விழும். மாத்திரை விஷயத்தை எடுத்துக்கொள். மாத்திரை அட்டை மாசம் முடிவதற்குள் தீர்ந்துபோகிறது. மருந்துக்கடைப் பையன்கூட, என்ன சார் இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க என்று ஒரு மாதிரி பார்த்தான். அவர் எண்ணித்தான் விழுங்குகிறார், காலையில் ஒன்று, அதற்கு மேல் கிடையாது. மீதி எங்கே போகிறது? முந்தாநாள் டப்பாவைத் திறந்தபோது அடியில் ஒரு பாதி மாத்திரை கிடந்தது. கத்தியால் நறுக்கியது, விளிம்பு சுத்தமாக இருந்தது. அவர் ஒருநாளும் பாதி போட்டதில்லை. ஆக, யாரோ நறுக்குகிறார்கள், யாரோ பொடி செய்கிறார்கள், அவருக்குத் தெரியாமல் அவருக்குள் எதையோ கூட்டிக் கொடுக்கிறார்கள். மோரில் கலந்தால் தெரியாது. உப்பில்லாத ரசத்தில் எதைக் கலந்தாலும் தெரியாது, அது ஏற்கெனவே ரசமாக இல்லை. இரண்டு நாளாக மோரை வாங்கி வாங்கி வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கட்டின பெண்டாட்டியை இப்படி நினைக்கலாமா என்று ஒரு பக்கம் வெட்கமாகவும் இருக்கிறது. வெட்கத்தோடேயே ஊற்றுகிறார். அவள் கெடுதல் செய்வாள் என்று அவர் ஒருக்காலும் நினைக்கவில்லை. நல்லது செய்வாள், அவருக்குச் சொல்லாமல் செய்வாள், அதுதான் பயம். சொல்லப்போனால் குழந்தைவேலுவுக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வெறும் பயம்தான். சாவதைவிட, தான் சாகப்போகிற சங்கதி ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது பயம். பஸ் ஸ்டாப்பில் தன்னுடைய போஸ்டரைத் தானே பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஐந்து இட்லி சாப்பிடுவோமோ என்று பயம்.

மூச்சை இழு. சும்மா இரு. மடியில் பட்டை கிடக்கிறது. அதன் குழாய் வயிற்றின் மேல் உரசுகிறது. நேரம் ஆகிவிட்டதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணியைப் பார்க்கப் போனவர் மணியைப் பார்க்கவில்லை. கடிகாரத்தின் தோல் பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எப்போதும் போடுகிற அதே ஓட்டையில்தான் இருந்தது. ஆறேழு வருஷமாக ஒரே ஓட்டை, வளைந்து வளைந்து அங்கே தோல் வெளுத்திருக்கிறது. உள்ளே சுண்டுவிரல் நுழைகிற அதே இடைவெளி. கை வீங்கியிருந்தால் மணிக்கட்டு மட்டும் விட்டுப்போகுமா? அரைக்கைச் சட்டை எப்போதும் போல லொடலொடவென்றுதான் கிடக்கிறது. இதை நேற்றே பார்த்திருக்கலாம். டெஸ்ட் பெஞ்சில் புதுப் பையன்களுக்கு அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான், அளவு தப்பாக வந்தால் பம்ப்பைக் குறை சொல்லாதே, இன்னொரு கேஜ் வைத்துப் பார். அடுத்தவனுக்குச் சொல்ல மட்டும் வாய் கிழியும். சரி, கை பெருக்கவில்லை. வளையமும் தானாகச் சுருங்காது. அப்படியானால் என்ன மிச்சம்? காலை ஷிப்டுக்குப் போகும்போது சில நாள் பெஞ்சில் கிளாம்ப் இறுகிக் கிடக்கும். பெரிய பம்ப் உள்ளே இறங்காது. அதற்கு அவர் போடுகிற சத்தம் கேட்டுக்கு வெளியே கேட்கும். எவன்டா ராத்திரி சின்ன பம்ப் ஏத்தினது, ஏத்தினவன் திருப்பி வைக்க வேண்டாமா என்று கத்துவார். கிளாம்ப் சிறுத்துக் கிடந்தால் தனக்கு முன்னால் சின்ன பம்ப் ஒன்று அந்த பெஞ்சில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. பட்டையை மடியிலிருந்து எடுத்து அந்தச் சின்ன வளையத்துக்குள் வெளிச்சத்தைப் பார்த்தார். இதில் வேறு யாரோ கை விட்டிருக்கிறார்கள், இரண்டு நாளாகத் திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள். அவருடையதைவிட ஒல்லியான கை. அவர் வாக்கிங் போயிருக்கும் நேரத்தில், மிக்சி ஓடுகிற நேரத்தில், வீடு முழுக்க அவளுக்கே சொந்தமாக இருக்கிற நேரத்தில். எதிர்வீட்டு அம்மாளோ என்று மனசு ஒரு தடவை நழுவப் பார்த்தது. எதிர்வீட்டு அம்மாளின் கைக்கு இதுபோல இரண்டு பட்டை வேண்டும். பாதி மாத்திரை. டெஸ்டெல்லாம் இனி எதுக்கு. இருக்கற வரைக்கும். அந்தப் பேச்சில் அவர் பெயர் எங்கே வந்தது? அப்பா காதுக்குப் போகக் கூடாது என்ற இடத்தில் மட்டும்தான் வந்தது. மற்றதையெல்லாம் அவராக எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது? மூடி முழுசாகத் துருவி முடிந்து நிற்கிற சத்தம் வேறு, இது நடுவில் நின்றிருந்தது. போன் பேச்சும் இல்லை.

"சாந்தா" என்றார்.

பதில் வரவில்லை. பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அப்போது அவருக்கு நினைவில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். "வந்துட்டேனுங்க" என்று குரல் தரையிலிருந்து வந்தது. அவர் மிஷினைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார், பட்டை பின்னால் ஆடிக்கொண்டே வந்தது.

சாந்தாமணி தேங்காய்த் துருவியைத் தள்ளி வைத்துவிட்டு, கேஸ் சிலிண்டரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. மடியில் தேங்காய்ப்பூ சிந்திக் கிடந்தது. அவரைப் பார்த்ததும் அவசர அவசரமாக முகத்தைச் சரி செய்துகொண்டாள்.

"என்னாச்சு?"

"ஒன்னுமில்லீங்க. சித்த அசந்துட்டேன். நீங்க எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க, பிரஷர் ஏறிக் காட்டும் பாருங்க."

அவர் அடுப்பை அணைத்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவளுடைய இடது கையை எடுத்து, பட்டையைப் பிரிக்காமல், தளர்த்தாமல், இருந்த வளையம் இருந்தபடியே விட்டார். கண்ணாடி வளையல்களைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, மேலே போய் அது தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் இடைவெளி இருந்தது. கச்சிதம்.

சாந்தாமணி பட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"எப்ப இருந்து?"

"என்னதுங்க?"

"சாந்தா."

"தீபாவளி கழிஞ்சதுல இருந்துங்க. காலைல கிர்ருனு வரும், அப்புறம் சரியாப் போயிரும். கிருத்திகாதான் நச்சரிக்கறா, டாக்டருகிட்டப் போம்மா, டெஸ்ட் எடும்மான்னு."

"ஏன் போகல?"

"எதுக்குங்க? உங்க மாத்திரைதான் வீட்டுல இருக்குதுல்ல, பாதி பாதியாப் போட்டுக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானுங்களே, தனியா ஒரு டாக்டரு வேறயா?"

"எனக்கு எழுதிக் கொடுத்தது உனக்கு ஆகுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்க காதுல எதையும் போடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருங்களே" என்றாள் அவள். குத்திக் காட்டுகிற குரலில் இல்லை. உப்பு குறைச்சுத்தானே போடச் சொன்னாரு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

குழந்தைவேலுவுக்கு உறைத்தது. இவர் காதில் போடாத சங்கதியெல்லாம் காற்றிலா போயிருக்கும்? எல்லாம் இவள் காதில் போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கேயே தங்கியிருக்கிறது. திருமூர்த்தி வீட்டு அழுகை, திரும்பி வந்த லாட்டைப் பற்றிக் கம்பெனியிலிருந்து வந்திருக்கக்கூடிய போன், பேப்பரின் நடுப்பக்கம், எல்லாவற்றையும் இவள் ஒருத்தி வாங்கி வைத்துக்கொண்டு ஈரத் தலையோடு இட்லி ஊற்றியிருக்கிறாள். அவரோ அவள் கொடுத்த மோரை வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை.

"பேசாத. காலை நீட்டிக்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காரு" என்றார். அவள் சும்மா உட்கார்ந்தாள். அவரைவிட நன்றாகவே உட்கார்ந்தாள். பிறகு அவர் பொத்தானை அமுக்கினார். பட்டை உர்ரென்று ஊதி அவள் கையைப் பிடித்தது, பிடித்து, மெல்ல மெல்ல விட்டது. மிஷின் திரையில் எண்கள் வந்து நின்றன. அவர் பார்த்தார். அவருக்கு வருகிற எண்கள் அல்ல அவை. அவர் விழுந்த அன்றைக்கு வந்த எண்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தன.

"எவ்வளவுங்க?"

ஒன்றுமில்லை, நார்மல்தான் என்கிற வார்த்தை எவ்வளவு சுலபமாக நாக்குக்கு வருகிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அன்பாகத்தான் வந்தது. அவர் அதை விழுங்கிவிட்டு மிஷினை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

சாந்தாமணி எண்களைப் படித்தாள். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை, அவளுக்குப் பழகியிருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைத்தான் பயந்து பயந்து பார்த்தாள்.

"உங்களுக்கு டென்ஷன் ஆகலீங்களே?"

"ஆகுது" என்றார் குழந்தைவேலு. "நல்லா ஆகுது. ஆவட்டும். ஆட்டோ கூப்புடறேன், எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம். இத்தன மாசமா எங்கிட்டச் சொல்லாம வெச்சிருக்கறதையெல்லாம் ஒன்னுவிடாமச் சொல்லிக்கிட்டே வா."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சாந்தாமணி எழுந்தாள். மடியிலிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எதை முதல்ல சொல்றதுங்க?" என்றாள்.